சட்டையின் வெள்ளையும் கரியின் சாம்பலும்

கலர் திருத்தும் மென்பொருளில் சொட்டு மருந்துக் குழாய் போன்ற ஒரு குறி உண்டு. படத்தில் வெள்ளையாக இருக்கும் ஏதாவது ஒன்றின் மேல் அதை வைத்துச் சொடுக்கினால் போதும். இதுதான் வெள்ளை என்று எடுத்துக்கொண்டு மற்ற நிறங்களை அதுவே சரிசெய்துவிடும். இஸ்திரி வண்டியின் கயிற்றில் தொங்கிய சட்டையின் மேல் வைத்துச் சொடுக்கினேன். ஒரு நொடியில் மேற்கு மாம்பலத்தின் அந்தத் தெரு முழுவதும் பழுத்துவிட்டது. புங்கை இலைகள் உதிரத் தயாரானவை போல மஞ்சளாகின. வண்டிக்காரப் பெரியவரின் முகத்தில் காமாலை ஏறியது. சட்டை மட்டும் பளிச்சென்று நின்றது.

திரும்பவும் சொடுக்கினேன், இந்த முறை காலர் மேல். பிறகு கை மடிப்பின் மேல். மஞ்சளின் அளவு கூடியது, குறைந்தது, போகவில்லை. இரவு இரண்டு மணி இருக்கும். கண் களைத்துவிட்டது என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

அது எங்கள் இறுதியாண்டுக் குறும்படம். காட்சித் தொடர்பியல் படிக்கும் நான்கு பேர் சேர்ந்து எடுத்தது. பதினொரு நிமிடம், 96 ஷாட்டுகள். கதை சிறியது. இஸ்திரிக்குக் கொடுத்த வெள்ளைச் சட்டையை வாங்க ஒருவர் வரவே இல்லை. நாள் போகிறது, மாதம் போகிறது, சட்டை அந்தக் கயிற்றிலேயே இருந்து மெல்ல மெல்ல மஞ்சளாகிறது. அவர் ஏன் வரவில்லை என்பது கடைசியில் தெரிகிறது. பெரியவராக நடித்தவர் நடிகர் அல்ல, அதே தெருவில் முப்பது ஆண்டுகளாக அதே புங்கை மரத்தடியில் இஸ்திரி போடுபவர். படத்தொகுப்பும் வண்ணமும் என் பொறுப்பு. கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி என் வீட்டில்தான் இருந்தது.

திரைப்பட உலகில் இந்த வண்ண வேலையை டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்பார்கள். எடுத்த காட்சிகளின் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஷாட் ஷாட்டாகச் சீராக்கி, கடைசியில் படத்துக்கென்று ஒரு நிறத்தைக் கொண்டுவருவது. ஒரு காலத்தில் இந்த வேலைக்கான டாவின்சி என்ற கருவியை லட்சக்கணக்கான டாலர் கொடுத்துத்தான் வாங்க முடியும். 2009-ல் பிளாக்மேஜிக் நிறுவனம் அதைத் தயாரித்த நிறுவனத்தையே வாங்கியது. பிறகு அந்தக் கருவியின் மென்பொருள் பதிப்பு ஒன்றை இலவசமாகவே தரத் தொடங்கியது. இன்று சென்னையில் எந்தக் கல்லூரி மாணவரும் மாடி அறையில் உட்கார்ந்து அதே டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் வேலை செய்யலாம். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நான் முழு மனதோடு சொல்கிறேன். எனக்கு முந்தைய தலைமுறை மாணவர்களுக்குக் கதை இருந்தது, கேமரா கூட இரவலாகக் கிடைத்தது. இந்த அறை கிடைக்கவில்லை.

எங்கள் கேமராவில் லாக் முறையில் எடுத்திருந்தோம். லாக் என்றால், வெயிலின் வெளிச்சத்தையும் நிழலின் இருட்டையும் ஒரே கோப்புக்குள் அடக்குவதற்காகப் படத்தைத் தட்டையாக, வெளிறியதாகப் பதிவுசெய்வது. கழுவாத கண்ணாடி வழியே பார்ப்பது போல இருக்கும். பிறகு அதை ரெக் 709 என்ற காட்சித் தரத்துக்கு மாற்ற வேண்டும். தொலைக்காட்சிக்காக 1990-ல் வகுத்த தரம் அது, இன்றும் நாம் திரையில் பார்ப்பதில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. எங்கள் கோப்பு 8 பிட். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். 10 பிட் என்றால் 1,024 படிகள் இருந்திருக்கும். 256 படிக்குள் அவ்வளவு வெளிச்சத்தையும் நெருக்கி வைத்துவிட்டு, பின்னால் அதை இழுத்து விரித்தால் படிகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆறாவது ஷாட்டின் காலை வானத்தில் எனக்கு அப்படித்தான் பட்டை பட்டையாக வந்தது. வானத்தை அதிகம் இழுக்காமல் விட்டு, மேலே ஃபிலிமில் தெரிவது போன்ற சன்னமான துகள் தூவிச் சமாளித்தேன்.

ஆனால் சட்டைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் மாலை வண்டிக்குப் போனேன். பெரியவர் பித்தளைப் பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். மடிக்கணினியை வண்டியின் ஓரத்தில் வைத்து, அவருடைய முகம் மஞ்சளாகிப் போன ஷாட்டைக் காட்டினேன். சட்டை வெள்ளை என்றுதானே ஐயா கணக்கு வைத்தேன், ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டேன். அவர் திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அது வெள்ளை இல்லை தம்பி. நீலம்."

பிறகு மூட்டையிலிருந்து மூன்று சட்டைகளை எடுத்துக் கம்பளியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். மூன்றும் எனக்கு வெள்ளைதான். அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். இது சொட்டு நீலம் போட்டது. இது சோப்புத் தூளிலேயே வெளுத்தது, நீலம் கிடையாது. இதற்கு முன்பு நீலம் போட்டுக்கொண்டிருந்தார்கள், நிறுத்தி ஆறு மாதம் இருக்கும், வீட்டில் துவைக்கும் ஆள் மாறியிருக்கிறது. மூன்றாவதின் காலரைத் திருப்பி உட்பக்கத்தைக் காட்டினார். வெயில் படாத அந்தத் தையல் மடிப்பில் பழைய நீலம் இன்னும் லேசாகத் தங்கியிருந்தது. "கோடி வேட்டிதான் மில் வெள்ளை. அதுவும் ஒரு தண்ணீர் கண்டால் போய்விடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து படித்த பிறகு விஷயம் பிடிபட்டது. பருத்தி இயல்பிலேயே கொஞ்சம் மஞ்சள் சாய்ந்தது, துவைக்கத் துவைக்க அது கூடும். மஞ்சளுக்கு எதிர் நிறம் நீலம். சிறு அளவு நீலம் சேர்த்தால் மஞ்சள் அடங்கி, துணி நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும். நம் வீடுகளில் அம்மாக்கள் கடைசி அலசலில் நீலம் கலந்து துணியை முக்கி எடுப்பது இதற்குத்தான். சோப்புத் தூள்களில் வேறொரு வித்தை இருக்கிறது. அதில் சேர்க்கும் வெளுப்பேற்றிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும். அதனால் அப்படித் துவைத்த சட்டை வெயிலிலும் திறந்த வானத்தின் நிழலிலும் கூடுதல் நீலமாக இருக்கும். புற ஊதா அநேகமாக இல்லாத எல்.இ.டி. பல்பின் அடியில் அந்த மினுக்கம் போய்விடும். ஒரே சட்டை, பகலில் ஒரு வெள்ளை, இரவில் இன்னொரு வெள்ளை. கேமரா இதையெல்லாம் உள்ளபடியே வாங்கி வைத்திருந்தது. நான்தான் நீலச் சட்டையைக் காட்டி இதுதான் வெள்ளை என்று மென்பொருளிடம் சொல்லியிருந்தேன். அது சட்டையில் இருந்த நீலத்தைத் தெரு முழுவதிலிருந்தும் கழித்துவிட்டது. நீலம் குறைந்தால் மஞ்சள் ஏறத்தானே செய்யும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. எங்கள் கதையே சட்டை மஞ்சளாவதுதான். மூன்றாம் மாதக் காட்சிக்காக ஒரு சட்டையைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்திருந்தோம். அந்தச் சட்டையின் மேல் அதே குறியை வைத்துச் சொடுக்கினால், இரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றிய மஞ்சளை மென்பொருள் ஒரு நொடியில் துடைத்துவிடும். இந்தப் படத்தில் வேறு எதை வேண்டுமானாலும் அளவுகோலாக வைக்கலாம், சட்டையை வைக்கக் கூடாது.

படப்பிடிப்புக்குச் சாம்பல் அட்டை கொண்டுபோக வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும், எந்த நிறமும் சாயாத அட்டை. ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் அதை ஒரு முறை கேமராவுக்குக் காட்டினால் போதும், பின்னால் நிறத்தைச் சரிசெய்ய அது கைவிளக்கு. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் எங்களிடம் அது இருந்தது. முதல் நாள் இல்லை. முதல் நாளில்தான் 41 ஷாட்டுகள் எடுத்திருந்தோம்.

அந்த முதல் நாள் ஏப்ரல் 24. சென்னையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருவது ஆண்டுக்கு இரண்டு முறைதான். ஒன்று இந்தத் தேதியை ஒட்டி, மற்றது ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி. நிழலில்லா நாள் என்று அறிவியல் ஆர்வலர்கள் பள்ளி மைதானங்களில் கோல் நட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் நட்ட கோலின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். விளையாட்டாகப் பார்க்க அருமையான நாள், முகத்தைப் படம் பிடிக்க மிகக் கடினமான நாள். வெயில் உச்சந்தலையில் இறங்குவதால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடுகிறது. மரத்தடியில் நின்றாலும் நிம்மதி இல்லை. இலை வழியே வடிந்து வரும் ஒளியில் பச்சை கலந்திருக்கும். வண்டிக்குப் பின்னால் இருந்த சுவரும் பச்சை டிஸ்டெம்பர் அடித்தது. பெரியவரின் இடது கன்னத்தில் சுவரின் பச்சை, நெற்றியில் இலையின் பச்சை, தோளில் வானத்தின் நீலம். நேரில் பார்த்தபோது இதில் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் சில நிமிடங்களில் பழகி, தனக்குத் தெரிந்த நிறத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

சாம்பல் அட்டை இல்லாத 41 ஷாட்டுகளையும் மூன்று இரவுகள் முன்னும் பின்னும் ஓட்டினேன். தார்ச்சாலை உதவும் என்று பார்த்தேன், அதில் செம்மண் படிந்திருந்தது. வண்டியின் இரும்புக் கம்பி துருப்பிடித்தது. பதினேழாவது ஷாட்டில் பெரியவர் பெட்டியைத் திறந்து எரிந்து முடிந்த கரியை ஒரு தகர டப்பாவில் தட்டுகிறார். டப்பாவின் விளிம்பு வரை சாம்பல்.

சாம்பல்! நம் மொழியில் அந்த நிறத்துக்கே அதுதானே பெயர்.

படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பிரித்து வைத்து, அந்த டப்பாவை மட்டும் பெரிதாக்கினேன். மூன்று கோடுகளும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில், பச்சை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கி நின்றன. அந்தப் பச்சைதான் மரத்தின் பச்சை. ஆனாலும் அவசரப்பட மனம் வரவில்லை. மறுநாள் பெரியவரிடம் கேட்டு ஒரு கைப்பிடி சாம்பலைக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்தேன். மொட்டை மாடி நிழலில் சாம்பல் அட்டையின் மேல் அதைக் கொட்டி ஒரே சட்டகத்தில் படம் எடுத்தேன். அட்டையைவிடச் சாம்பல் வெளிச்சமானது, சிவப்பில் ஒரு நூல் கூடுதல், அவ்வளவுதான். அந்தக் கூடுதலைக் கணக்கில் கழித்துக்கொண்டு பதினேழாவது ஷாட்டைச் சரிசெய்தேன். சொடுக்கியதும் பச்சை வடிந்து இறங்கியது. சுவர் சுவராக இருந்தது. சட்டை, பெரியவர் சொன்ன அதே நீல வெள்ளையில் நின்றது. அதன் பக்கத்தில் அவர் முகம்.

முகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரியவர் நல்ல கறுப்பு. வேர்வை துளிர்த்த நெற்றியும் கன்ன எலும்பும் மினுங்கும் கறுப்பு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் லட் ஒன்றை முதலில் போட்டுப் பார்த்தோம். லட் என்பது தயாராக வைத்த நிற மாற்றக் கோப்பு. போட்டவுடன் மரம் மயில் நீலத்துக்கும், அவர் தோல் செம்பு நிறத்துக்கும் போய்விட்டன. அந்தக் கோப்பை உருவாக்கியவர் மனத்தில் வேறு ஊரும் வேறு தோலும் இருந்திருக்கின்றன. ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். 1950-களிலிருந்து அமெரிக்காவில் புகைப்படம் அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த ஷர்லி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இயக்குநர் நண்பன் முகத்தைத் தூக்கு, முகத்தைத் தூக்கு என்றான், அதாவது வெளிச்சத்தைக் கூட்டு என்று. முகம் தெரிய வேண்டும் என்பதுதான் அவன் கவலை, அவனைத் தவறாகச் சொல்ல மாட்டேன். தூக்கிப் பார்த்தோம். இருட்டில் பதுங்கியிருந்த புள்ளிகள் எல்லாம் மேலே வந்து முகத்தில் ஊர்ந்தன. அதைவிட மோசம், அந்த முகம் அவருடையதாக இல்லை. சாம்பல் பூசியது போல வெளிறி, நெற்றியின் மினுக்கமும் கன்னத்தின் பள்ளமும் ஒன்றாகிவிட்டன. கறுத்த தோலுக்கு வடிவம் தருவது அதன் மேல் விழும் பளபளப்பு. நிழலைத் தூக்கினால் பளபளப்புக்கும் தோலுக்கும் இடையே இருக்கும் தூரம் குறைந்துபோகும், முகம் தட்டையாகிவிடும். அதனால் தலைகீழாகச் செய்தேன். நிழலை அப்படியே விட்டுவிட்டு, நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் இருந்த வெளிச்சத்தை மட்டும் சிறிது ஏற்றினேன். கண்ணைச் சுற்றி ஒரு மென்மையான வட்டம் போட்டு, அங்கே மட்டும் கால் பங்கு வெளிச்சம் கூட்டினேன். முகம் தெரிந்தது. கறுப்பும் கறுப்பாகவே இருந்தது.

நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் வெக்டர்ஸ்கோப் என்ற வட்ட வரைபடத்தில் தோலுக்கென்று ஒரு சாய்கோடு உண்டு. வெளுத்த தோலோ மாநிறமோ கருங்காலி நிறமோ, சரியான வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாம் ஏறக்குறைய அந்தக் கோட்டை ஒட்டியே விழும். எல்லார் தோலுக்கும் நிறம் கொடுப்பவை மெலனினும் அடியில் ஓடும் இரத்தமும்தான். மாறுவது வெளிச்சமும் அடர்த்தியும். சாம்பலை வைத்துச் சரிசெய்த பிறகு பெரியவரின் முகத்தை மட்டும் வெட்டி அந்த வட்டத்தில் பார்த்தேன். கோட்டின் மேல் அமர்ந்திருந்தது. அதற்காக நான் எதையும் திருகவில்லை. மாந்தளிர் நிற மேனியை மாமை என்று ஒரே சொல்லில் சொல்லி, அது வாடினால் பசலை என்று வேறு சொல் வைத்திருந்தது சங்கத் தமிழ். அந்த மொழியில் பேசுகிறவர்கள் எடுக்கும் படத்தில் ஒரு மனிதரின் தோலை வெளிறவிட எனக்கு மனம் வரவில்லை.

கரி நெருப்பு எனக்கு வேறு ஆச்சரியம் வைத்திருந்தது. பெட்டியின் ஓட்டை வழியே தெரியும் கனல் நேரில் நல்ல செம்மஞ்சள். படத்தில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. கனல் பெருமளவு அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது, கேமராவின் வடிகட்டி அதை முழுக்கத் தடுப்பதில்லை. தப்பி உள்ளே போகும் கதிர் நீலப் பகுதியையும் தூண்டிவிடுவதால் இந்த ஊதா. கனலை மட்டும் தேர்ந்தெடுத்து நிறத்தைச் செம்மஞ்சள் பக்கம் நகர்த்தினேன். ஐந்து நிமிட வேலை.

இரவுக் காட்சி அப்படி எளிதாக முடியவில்லை. தெருவில் இப்போது எல்.இ.டி. விளக்குதான். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் வேண்டும் என்றான் நண்பன். மஞ்சள் சாயம் ஏற்றினால் மட்டும் சோடியம் வராது. அந்த ஒளியில் நீலம் அநேகமாகக் கிடையாது, நீலச் சேலை அதன் கீழே அழுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். நீலத்தையும் பச்சையையும் முதலில் வற்ற வைத்துவிட்டுப் பிறகு மஞ்சள் ஏற்றியபோதுதான் நம்பும்படி இருந்தது.

மிச்சம் இருந்தது ஷாட்டுக்கு ஷாட் பொருத்தும் வேலை. அதற்குப் பழைய முறை ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்து லேப்களில் ஃபிலிம் பிரதி போட்ட காலத்தில், நிறத்தைச் சீராக்கும் கிரேடர் ஒருவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று எண்கள்தான் எழுதுவார். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 1 முதல் 50 வரை, நடுவில் 25. ஒரு பாயிண்ட் கூட்டு, இரண்டு பாயிண்ட் குறை, அவ்வளவுதான் அவர்களுடைய மொழி. முகத்தை மட்டும் தனியே தூக்க வழியில்லை, வானத்தை மட்டும் இறக்க வழியில்லை. அந்த மூன்று எண்களில் இரண்டரை மணி நேரப் படங்களைப் பொருத்தினார்கள். 2013-ல் ஃபியூஜி நிறுவனம் திரைப்பட ஃபிலிம் விற்பனையைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. நம் ஊர் லேப்களிலும் கிரேடர்களின் மேசைகள் ஓய்ந்தன. ரிசால்வில் அதே பாயிண்ட் முறை இன்றும் விசைப்பலகையில் இருக்கிறது. மென்பொருளின் நிறச் சக்கரங்களைத் திருகுவதை விட்டுவிட்டு அதற்கு மாறிய பிறகுதான் என் கை அடங்கியது. 96 ஷாட்டுகளை நான்கு நாட்களில் பொருத்தி முடித்தேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து மொட்டை மாடிக்குப் போய் வருவேன். கண் திரையின் சாயலுக்குப் பழகிவிடாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கல்லூரியில் திரையிடுவதற்கு முன் பெரியவரிடம் காட்டினோம். மாலை ஆறரை மணி, மடிக்கணினியை அதே கம்பளியின் மேல் வைத்தோம். அவர் மனைவியும் எதிர்வீட்டு அம்மா ஒருவரும் பக்கத்தில் நின்றார்கள். தன் முகம் பெரிதாக வந்த இடங்களில் அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் மனைவி மட்டும், "நீங்கள்தான், அப்படியே இருக்கிறீர்கள்" என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. நான்காவது நிமிடத்தில் பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, இது ஒரே சட்டை என்றுதானே சொன்னீர்கள்? முன்னால் வந்தது வேறு வீட்டில் துவைத்தது. இதில் நீலம் அதிகம்."

உண்மைதான். முதல் சட்டையில் டீ சிந்திவிட்டதால் அன்று மதியம் அதே மாதிரி இன்னொன்றை நண்பன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தான். சாம்பலை வைத்து இரண்டு ஷாட்டுகளையும் சரியாகப் பொருத்தியிருந்தேன். அதனால்தான் இரண்டு வீட்டு நீலமும் துல்லியமாகத் தெரிந்தது. எங்கள் ஆசிரியர் உட்பட, பார்த்த யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

அன்றிரவு அந்த ஷாட்டைத் திறந்து சட்டையைச் சுற்றி மட்டும் ஒரு கோடு வரைந்தேன். கயிற்றில் காற்றடித்து அது ஆடும் நான்கு நொடிகளுக்கும் கோடு அதைத் தொடரும்படி செய்தேன். நீலத்தில் இரண்டு பாயிண்ட் குறைத்தேன். அதிகம் என்று தோன்றியது. அரை பாயிண்ட் திருப்பிக் கொடுத்தேன்.

காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் வண்டியருகே நின்று அந்த இரண்டு ஷாட்டுகளை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையைத் தன் பக்கம் சாய்த்து மூன்று முறை பார்த்தார்.

"இப்போது ஒரே வீட்டுத் துணி" என்றார். பிறகு மடிக்கணினியைக் கம்பளியிலிருந்து எடுக்கச் சொன்னார். பெட்டி சூடாகியிருந்தது.